‘முறிந்த பனை’ ஆங்கில முதற் பதிப்பின் பழைய பிரதியை எதைப் பார்த்து வாங்குவது?

நான் வட இலங்கையில், வன்னிக்குள் விசுவமடுப் பக்கம். கேட்டவர் கனடாவில் இருக்கிறார் போல. எண்பதுகளின் யாழ்ப்பாணப் போர்க்காலத்தைப் பற்றிய ‘முறிந்த பனை’யின் ஆங்கில மூலமான ‘தி புரோக்கன் பல்மைரா’, 1990 ஆம் ஆண்டுப் பிரதி, சேகரிப்புக்கு வேண்டுமாம். ரொறன்ரோவில் ஒருவர் மட்டையும் முன்தாளும் இல்லாத பிரதி ஒன்றைக் காட்டி, “இது வன்னிக்குள்ளால வந்த புத்தகம்” என்று மூன்று மடங்கு விலை சொல்கிறாராம். கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

வாசிக்கத்தான் வேண்டுமென்றால் காசே தேவையில்லை. மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் இணையத்தளத்தில் முழு நூலும் கிடக்கிறது. அலுமாரியில் வைக்கத்தான் என்றால் வாங்குங்கள், ஆனால் வன்னிக் கதைக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். ஏனென்று சொல்வதானால் என் மாமாவின் பிரதியிலிருந்து தொடங்க வேண்டும்.

மாமா ஆங்கில வாத்தியார். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருசம் கிளாலியால் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தார். கொண்டுவந்த சாமான் கொஞ்சம். அதற்குள் இந்தப் புத்தகமும் ஒன்று. நான் முதலில் பார்த்தபோது அது புத்தகமாகவே தெரியவில்லை. மண்ணிறக் கடதாசி உறை போட்டு, மேலே நீலப் பேனாவால் ‘தூய கணிதம் – பயிற்சி’ என்று எழுதியிருந்தது. கணக்குக்கும் அவருக்கும் வெகு தூரம். திறந்தால் சொந்த மட்டை இல்லை, முன்தாளும் இல்லை. தாளைக் கிழித்திருக்கவில்லை, சவர பிளேட்டால் அடிமட்டம் வைத்ததுபோல வெட்டியிருந்தது.

“ஏன் மாமா வெட்டினீங்கள்?”

“பேர் இருந்தது.”

“ஆற்ற பேர்?”

“தந்த ஆளின்ர. உனக்கு அது தேவையில்லை.”

அதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

புத்தகத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பயம் விளங்கும். எழுதியவர்கள் நான்கு பேர்: ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன், ராஜினி திராணகம. நாலு பேரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர்கள். அரச படையையும் விடவில்லை, இந்திய இராணுவத்தையும் விடவில்லை, ஆயுத இயக்கங்களையும் விடவில்லை. ராஜினி உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். 1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படியொரு புத்தகத்தை வீட்டில் வைத்திருப்பது எந்தக் காலத்திலும் எந்தப் பக்கத்துக்கும் உவப்பாக இருந்ததில்லை. வன்னிக்குள் இயக்கத்தின் கீழ் இருந்தபோது ஒரு பயம், ஓமந்தையில் இராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது வேறொரு பயம். மட்டை போன பிரதிகள் எங்கள் பக்கம் இருந்தன என்பது அதனால் உண்மைதான். ரொறன்ரோக்காரர் சொல்லும் கதையில் அந்தளவுக்குப் பொய் இல்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. அந்த மாத நடுவில் நாங்களும் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டோம். மாமா அந்தப் புத்தகத்தையும் இன்னும் நாலைந்தையும் பெரிய பிஸ்கட் தகரமொன்றில் வைத்து, உரப்பையால் சுற்றி, மாட்டுக்கொட்டிலின் பின்பக்கம் தாட்டார். இரண்டு மூன்று கிழமையில் திரும்பி வருவோம் என்ற நினைப்பு. திரும்பி வந்தது 2011 இல், செட்டிகுளம் அகதி முகாமெல்லாம் கண்டபிறகு. கொட்டில் இல்லை. முருங்கையை வைத்துக் குறிபார்த்துத்தான் தோண்டினோம். இடையில் இரண்டு மாரி போயிருந்தது. தகரத்தின் அடி முழுக்கக் கறள் தின்றிருந்தது. உள்ளே புத்தகம் ஒரு செங்கல் மாதிரி, தாளோடு தாள் ஒட்டி, விரல் நகம் போக இடமில்லாமல் இறுகிக் கிடந்தது. ஒரு மூலையில் தொடங்கின கறையான் எதிர் மூலை வரைக்கும் பாதை வெட்டியிருந்தது. உறையில் ‘கணிதம்’ என்ற சொல்லில் ‘கணி’ மட்டும் மிச்சம்.

வன்னிக்குள் கடைசிவரை இருந்த பிரதி பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கும். உங்களுக்கு விற்க வருகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யார் சுமந்தது? தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வொரு இடமாகச் சனம் சாமானைக் கழித்துக்கொண்டே போனது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினது கைவண்டிக்கு இறங்கி, கைவண்டியில் இருந்தது தோள்பைக்கு இறங்கி, கடைசியில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி அடங்கின ஒரு பொலித்தீன் பைதான் மிஞ்சியது. அதற்குள் ஆங்கிலப் புத்தகம் வைத்தவர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இருந்திருக்கலாம், ஒரேயடியாக இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வன்னியிலிருந்து முழுசாக வெளியே போன பிரதி என்றால், 2002 இல் கண்டி-யாழ்ப்பாண ஏ9 பாதை திறந்து 2006 ஓகஸ்டில் மூடும்வரை இருந்த அந்த நாலு வருசத்தில் பஸ்ஸில் போனதாக இருக்கத்தான் சாத்தியம் கூட. விற்கிறவர் வருசத்தையும் வழியையும் சொல்லாமல் ‘வன்னி, வன்னி’ என்று மட்டும் சொன்னால் அது வியாபாரம்.

இனிப் பிரதியைப் பார்க்கும் விசயம்.

வெட்டின தாளின் அடிக்கட்டையைப் பாருங்கள். பழைய வெட்டென்றால் அந்த ஓரமும் பக்கத்துத் தாள்களின் ஓரமும் ஒரே பழுப்பில் இருக்கும். போன மாதம் வெட்டினதென்றால் அந்தக் கோடு மட்டும் வெள்ளையாகத் தெரியும். தண்ணீர்க் கறையும் அப்படித்தான். உண்மையில் ஈரம் ஊறிய புத்தகத்தில் கறையின் விளிம்பு ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குத் தொடர்ந்து போய், போகப் போகச் சுருங்கும். தேத்தண்ணி தெளித்துப் பழசாக்கினதில் ஒவ்வொரு பக்கத்துக் கறையும் தன்பாட்டில் நிற்கும். பூச்சி ஓட்டைக்கும் இதே கணக்கு: தாளுக்குத் தாள் தொடர்ந்து ஊடுருவிப் போயிருக்க வேண்டும், இடையில் ஒரு தாளை விட்டுப் போகக் கூடாது.

பதிப்பை அடையாளம் காண்பது இதைவிடச் சுலபம். சேகரிப்பவர்கள் தேடுவது கலிபோர்னியாவில் கிளெயார்மொன்ற் நகரிலிருந்து ஸ்ரீலங்கா ஸ்ரடீஸ் இன்ஸ்ரிரியூட் 1990 இல் வெளியிட்டதை. தலைப்புப் பக்கமும் அதன் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள். அங்கே 978 என்று தொடங்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் அச்சாகியிருந்தால் அதை 1990 அச்சென்று நம்ப வேண்டாம். புத்தகங்களுக்கான 13 இலக்க முறை 2007 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தினதெல்லாம் 10 இலக்கம்.

இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். மாமாவின் பிரதி போன கவலையில், வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையத்தில் ‘முதற் பதிப்பு’ என்று போட்டிருந்ததை வாங்கினேன். ஆறு கிழமை கழித்து வந்த பொதிக்குள் இருந்தது, இணையத்தில் உள்ள பக்கங்களை இறக்கி அச்சடித்துப் பசை போட்டு ஒட்டின ஒரு கட்டு. விளம்பரத்தில் இருந்த படம் வேறு யாருடையதோ பிரதி. எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. அன்றைக்குத் தொடங்கின பழக்கம் ஒன்று இருக்கிறது: விற்பவரிடம் புத்தகத்துக்குப் பக்கத்தில் அன்றைய திகதியை ஒரு துண்டில் எழுதி வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். நேர்மையான விற்பனையாளர் ஒருவரும் இதற்குக் கோபித்ததில்லை.

கையொப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். ‘நான்கு ஆசிரியர்களும் ஒப்பமிட்ட 1990 பிரதி’ என்று யாராவது கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். புத்தகம் அச்சாகி வரும்போது அந்த நால்வரில் ஒருவர் உயிரோடு இல்லை.

பழைய புத்தகத் தளங்களில் போடும் தரச் சொற்களும் ஆளை ஏமாற்றும். ‘ஃபைன்’ என்றால்தான் உண்மையில் நல்லது. ‘வெரி குட்’ என்றால் பாவித்தது, ஆனால் பழுதில்லை. வெறும் ‘குட்’ என்றால் எங்கட கதையில் ‘பரவாயில்லை, கிடக்கட்டும்’. ‘எக்ஸ் லைப்ரரி’ என்றால் நூலகமொன்று கழித்துவிட்டது. முத்திரையும் பின்மட்டையில் அட்டைப் பையும் இருக்கும். சேகரிப்பவர்கள் இதை விரும்புவதில்லை, அதனாலேயே மலிவு. என்னைப்போல வாசிக்கவும் வேண்டும் வைத்திருக்கவும் வேண்டும் என்கிறவனுக்கு அதுதான் தோது. ஒரு நிபந்தனை, ‘கழிக்கப்பட்டது’ என்ற முத்திரையும் அதில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பாடசாலை அல்லது சனசமூக நிலைய முத்திரை மட்டும் உள்ள பிரதி வந்தால் நான் வாங்குவதில்லை. யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தாட்டுக் காப்பாற்றியிருக்கலாம், களவாகவும் போயிருக்கலாம். எப்படியென்றாலும் அந்த இடத்துக்குச் சொல்லிப் பார்ப்பதுதான் முறை. இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். ஓரிடத்தில் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள், மற்ற இடத்தில் நூலகம் என்ற அறையே இப்போது இல்லை என்றார்கள்.

கொழும்பில் மருதானைப் பக்கம் டி. ஆர். விஜயவர்தன மாவத்தையோரத்துப் பழைய புத்தகக் கடைகளிலும் தேடிப் பார்த்தேன். இந்தப் புத்தகம் அகப்படவில்லை, ஆனால் தூசி பிடித்த ஒரு பின்னேரம் நட்டமில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்மையில் அரிதானவை இப்படிப் பேர்பெற்ற நூல்கள் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பித்தாளில் வந்த பத்திரிகைகள், இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டு எனும் சிறு புத்தகங்கள், ஊர்ப் பாடசாலை மலர்கள், இடம்பெயர்ந்த அச்சகத்தில் மை பிடித்தும் பிடிக்காமலும் வந்த சின்னப் புத்தகங்கள் இவைதான். அமெரிக்காவில் அச்சான நூலுக்கு எங்கேயோ ஒரு நூலகத்தில் இன்னொரு பிரதி இருக்கும். முப்பத்திரண்டு பக்கக் கல்வெட்டுக்கு இருக்காது. அப்படி ஒன்று கையில் பட்டால் விலை பேச முதல் ‘நூலகம்’ என்ற இணைய நூலக நிறுவனத்தாரிடம் கொடுத்து மின்வருடி வாங்குங்கள். 2005 இலிருந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம் போட்ட வெளியீடுகளை மட்டும் இலங்கைக்குள் வாங்க, விற்க, தபாலில் அனுப்ப முதல் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது புத்தி.

வாங்கினபிறகு கிழிந்த இடத்துக்கு செலோரேப் ஒட்டாதீர்கள். பத்து வருசத்தில் பசை மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். இறுக்கி மூடின பொலித்தீனில் வைப்பதும் எங்கள் மாரிக்குச் சரிவராது, உள்ளே வேர்க்கும். நான் நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில், சுவரில் முட்டாமல், காய்ந்த வேப்பிலையோடு வைத்திருக்கிறேன். கனடாவில் இந்தக் கவலை உங்களுக்கில்லை.

கடைசியில் எனக்குக் கிடைத்தது அமெரிக்கக் கல்லூரியொன்று கழித்த பிரதி. மட்டை இருக்கிறது, முன்தாள் இருக்கிறது, நாலு இடத்தில் முத்திரை. வந்த அன்று மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நேரே முன்தாளைத்தான் திருப்பிப் பார்த்தார். வெறும் தாள். தடவிப் பார்த்துவிட்டு, “என்ன விலை?” என்றார். சொன்னேன். “உனக்கு விசர். அந்தக் காசுக்குக் கொட்டிலுக்குத் தகரம் போட்டிருக்கலாம்” என்றார். பிறகு மூன்று நாள் திருப்பித் தரவில்லை.

உங்கள் ரொறன்ரோக்காரரிடம் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், வெட்டின அடிக்கட்டை, புத்தகத்தை மூடி வைத்து மூன்று ஓரங்கள் என்று யன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் கேளுங்கள். அனுப்பினால் பதிலுக்குக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மட்டையில்லாத பிரதிக்குரிய விலைக்கு இறங்கினால் வாங்கலாம்.