பச்சைத் துண்டா, கரை வேட்டியா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் 8 ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக ஊர் விவசாயச் சங்கத் தலைவர். கொப்பரைக் கொள்முதலுக்காக மறியல் செய்து இரண்டு முறை கல்யாண மண்டபத்தில் அடைபட்டேன். இப்போது எதிர்க்கட்சியில் ஒன்றியக் கவுன்சிலர் சீட் தருகிறோம் என்கிறார்கள். போனால் சங்கம் உடைந்துவிடும் என்கிறாள் மனைவி. போகாவிட்டால் கடைசிவரை மனு கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்கிறார் மச்சான். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: மச்சான் சொல்வதை லேசாக ஒதுக்க முடியாது. இதே யோசனை உங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கும் வந்தது. விவசாயிகள் சங்கத் தலைவராக இருந்த வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. 1970ல் விவசாய மின்கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கச் சொல்லித்தான் போராட்டம். பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972ல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே அடைத்தார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், அந்த வண்டிகளில் ஒன்றாவது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் 1982ல் அவரே கட்சி தொடங்கினார்: இந்திய விவசாயிகள் உழைப்பாளர்கள் கட்சி. சங்கத்துக்கு வந்த கூட்டம் ஓட்டாக மாறவில்லை. 1984 டிசம்பரில், தேர்தல் பிரசாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் காலமானார். விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்தது அதற்குச் சில வருடம் கழித்துத்தான். அதைக் கொடுத்த ஆட்சி வேறு கட்சியுடையது; கொடுக்க வைத்தது அந்தப் பழைய போராட்டம் என்பது என் கணக்கு.

பஞ்சாபிலும் இதே கதைதான். டெல்லி எல்லையில் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து மூன்று வேளாண் சட்டங்களையும் வாபஸ் வாங்க வைத்தவர்களில் ஒரு பகுதியினர், 2022 சட்டமன்றத் தேர்தலில் சம்யுக்த சமாஜ் மோர்ச்சா என்று நின்றார்கள். ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. அதன் தலைவர் ராஜேவாலுக்கு டெபாசிட்டே போனது.

காரணம் உங்களுக்கே தெரியும். அடுத்த சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் வேட்டியைப் பாருங்கள். மூன்று நான்கு விதக் கரை இருக்கும். கொப்பரை விலைக்கு எல்லோரும் ஒன்றாகக் கத்துவார்கள். ஓட்டு என்று வந்தால் அவரவர் கரைக்குப் போய்விடுவார்கள். நீங்களும் ஒரு கரையைக் கட்டிவிட்டால், மற்றவர்கள் உங்கள் பின்னால் சாலையில் உட்காரத் தயங்குவார்கள். இந்த விஷயத்தில் நான் உங்கள் மனைவி பக்கம்.

பதவியில் இருந்து வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கு உண்டு. ஆகவே தலைவர் பதவிக்கு நின்று பாருங்களேன். வரப்பு வாய்க்கால் பிரச்சினை, தெருவிளக்கு எல்லாம் அங்கேதான் வருகிறது.

இல்லை, கட்சிதான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? சரி. அப்படியானால் செய்தி பேப்பரில் வருவதற்கு முன் சங்கக் கூட்டத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். வரவு செலவு நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் அன்றே ஒப்படைத்துவிடுங்கள். செயலாளராக உங்கள் மச்சானைப் போட்டுவிட்டுப் போகிற வேலை மட்டும் வேண்டாம். ஓட்டுக் கேட்கப் போகும்போது பச்சைத் துண்டை வீட்டுக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.