விண்வெளியில் தீ எரியுமா, வெடித்தால் சத்தம் கேட்குமா? காரைக்குடியில் பள்ளிக் கண்காட்சிக்கு எதைச் செய்து காட்டலாம்?

"காற்று இல்லை, ஆகவே தீ இல்லை" என்று அட்டையில் எழுதி ஒட்டிவிடாதீர்கள். தீ கேட்பது ஆக்சிஜனை. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் கட்டத்தில் எரிபொருளோடு, ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட்டும் கலந்தே இருக்கிறது. அது வெற்றிடத்தில்தான் எரிகிறது.

விண்கலத்துக்குள் காற்று உண்டு, எடை இல்லை. சூடான காற்று மேலே ஏறாததால் சுடர் உருண்டையாக, நீலமாக, சிறுத்து எரியும். கீழே விழும் பெட்டிக்குள்ளும் விழும் நேரம்வரை எடை இல்லை, ஆகவே இதை முற்றம் வைத்த வளவு வீட்டிலேயே காட்டலாம்.

5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் 2 செ.மீ. மெழுகுவத்தித் துண்டை ஒட்டுங்கள். டப்பாவையும், மெதுவோட்டத்தில் படம்பிடிக்கும் கைபேசியையும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் எதிரெதிரே இறுக்கிக் கட்டுங்கள். பற்றவைத்து, மூடியை அழுத்தி மூடி, உடனே மாடியிலிருந்து முற்றத்தில் அடுக்கிய மெத்தைகள் மேல் விடுங்கள். 4 மீட்டருக்கு 0.9 விநாடி கிடைக்கும், அது போதும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் காற்றடித்துச் சுடர் அணையும். ஒரு கை முந்தினால் பெட்டி சுழலும், சுடர் சாயும். பெட்டிக்குள் கறுப்புத் தாள் ஒட்டாவிட்டால் நீலம் படத்தில் தெரியாது. மெழுகு குளம்போல் உருகும்வரை காத்திருந்தால் விழும்போது தெறிக்கும்.

பிள்ளைகள் கையில் நெருப்பா என்று திட்ட வருகிறவர்களுக்கு: பற்றவைப்பதும் விடுவதும் பெரியவர்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். தெர்மாகோல் எரிமலைக்கே வருஷாவருஷம் பரிசு கொடுக்கும் நடுவர்கள் இதைக் கவனிப்பார்களா என்பது வேறு கதை.

சத்தத்துக்கு, கண்ணாடி ஜாடிக்குள் மணியை வைத்துப் பம்பால் காற்றை உறிஞ்சிக் காட்டுவீர்கள். மணியைத் தரையில் வைக்காமல் ரப்பர் பட்டையில் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் அதிர்வு அடித்தட்டு வழியாக வெளியே வந்துவிடும். பள்ளிப் பம்பு முழு வெற்றிடம் தராது. சத்தம் மங்குவதற்கு முக்கியக் காரணம், மெலிந்த காற்றுக்கு அதிர்வை மணியிலிருந்து வாங்கிக் கண்ணாடிக்குக் கடத்த வலுவில்லாததுதான். அதையும் அட்டையில் எழுதுங்கள்.

1970 ஏப்ரலில் நிலவுக்குப் புறப்பட்ட அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது உள்ளே இருந்த மூவருக்கும் சத்தம் கேட்டது, கலத்தின் உடல் வழியாக. வெளியே யாராவது மிதந்திருந்தால் அவருக்குக் கேட்டிருக்காது.

திருவிழா வேட்டு சன்னலை உலுக்குவது காற்றழுத்த அலை. வெற்றிடத்தில் அந்த அலை கிடையாது, சிதறலும் கதிர்வீச்சும்தான். 1962 ஜூலையில் அமெரிக்கா பசிபிக்குக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகாடன் அணுகுண்டை வெடித்தது. சுமார் 1,400 கி.மீ. தள்ளி ஹவாயில் வானம் ஒளிர்ந்தது, தெருவிளக்குகள் சில அணைந்தன.