சினிமா வாய்ப்பு எதற்கு, தம்பி?

கேள்வி: ஆசிரியர் ஐயா, எதேச்சையாக ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் பாடல்கள் காதில் விழுந்தன. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கேட்டு அழுதேவிட்டேன். நம்ம ஏரியா கானாவும் ராக்கும் இப்படிச் சேரும் என்று நினைத்ததே இல்லை. இவ்வளவு இருந்தும் இவர்களுக்குச் சினிமாவில் பெரிய வாய்ப்பு வராதது ஏன்? இதுபோல வேறு யாரைக் கேட்கலாம்? — ஒரு வாசகர், கொடுங்கையூர்

பதில்: பஸ்ஸில் அழுததைக் கூச்சப்படாமல் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதே மூச்சில் ‘சினிமா வாய்ப்பு’ என்று ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதை நான் விடப்போவதில்லை.

நம் ஊரில் யாராவது நன்றாகப் பாடினால் கேட்டவர் சொல்லும் முதல் வாழ்த்து, ‘சீக்கிரம் சினிமாவுல பாடணும்’ என்பதுதான். ஆடி மாசத்து அம்மன் கோயில் மேடையில் பாடினாலும் அதுதான், சர்ச்சில் பாடினாலும் அதுதான், கல்யாணக் கச்சேரியில் பாடினாலும் அதுதான். அன்பாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் நீ இப்போது பாடிக்கொண்டிருப்பது இன்னும் கணக்கில் வரவில்லை என்கிற தீர்ப்பும் அதற்குள் இருக்கிறது. பாடகர்களே அதை நம்பி, நாற்பது வயதுவரை ஒரு ஃபோன் காலுக்காகக் காத்திருந்து, சொந்தமாக ஒரு பாட்டுகூடப் பதிவு செய்யாமல் போனதை ராயபுரத்திலும் புளியந்தோப்பிலும் பார்த்தவன் நான். அதனால்தான் இந்தக் கோபம்.

சரி, நீங்கள் கேட்ட குழுவுக்கு வருகிறேன். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. 19 பேர், எல்லோரும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கோட்டு சூட்டில் மேடையேறினார்கள். கானா என்றால் கைலியும் கழுத்தில் கர்ச்சீப்பும்தான் என்று சினிமா நமக்குக் காட்டி வைத்திருந்த படம் அந்த ஒரு நிமிஷத்தில் உடைந்தது. நான் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன். பறையும் சட்டியும் ஒரு பக்கம், எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் இன்னொரு பக்கம், ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்காமல் நேருக்கு நேர் மோதி வந்த சத்தம் அது. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் பேசிய சாதியில்லாத தமிழர் என்ற எண்ணத்திலிருந்துதான் குழுவுக்குப் பெயரே வைத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், இடஒதுக்கீட்டுப் பாட்டுக்கு எந்தப் படத்தில் இடம் இருக்கிறது? சினிமாவில் முதல் கேள்வி ‘சிச்சுவேஷன் என்ன?’ என்பது. ஹீரோ ஊருக்குள் நுழைகிறார், ஹீரோயின் கோபித்துக்கொண்டாள், வில்லன் ஆட்கள் குடிக்கிறார்கள். வடசென்னைக் குரலுக்கு அந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தொண்ணூறுகளில் தேவா கானாவைப் படங்களுக்குள் கொண்டுவந்து ஊரெல்லாம் கேட்க வைத்தார், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் தெருவில் அதைப் பாடிக்கொண்டிருந்த எத்தனை பேருக்கு அதற்கப்புறம் மைக் கிடைத்தது? இந்தக் குழுவிலிருந்தும் சிலர் படங்களுக்கு எழுதினார்கள், இசையமைத்தார்கள். தாராளமாகச் செய்யட்டும், வாடகை கட்ட வேண்டுமே. அதுதான் உச்சம் என்று நாம் முடிவுகட்டக் கூடாது என்பதே என் வாதம்.

நீங்கள் ஏன் அழுதீர்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மரண கானாவைக் கேட்டிருப்பீர்கள். வீட்டு வாசலில் ஷாமியானா, ஐஸ் பெட்டியில் உடல், தெருவை அடைத்து பிளாஸ்டிக் சேர்கள், ராத்திரி பூரா பாட்டு. பாடுகிறவர் வந்ததும் முதலில் இறந்தவரின் பெயரைக் கேட்பார், என்ன வேலை பார்த்தார், பிள்ளைகள் எத்தனை, யாருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எல்லாம் கேட்டுக்கொள்வார். அரை மணி நேரத்தில் அந்தப் பெயர்கள் பாட்டுக்குள் வந்து நிற்கும். ஹார்பரில் மூட்டை தூக்கிய ஒரு மனிதரை ஒரு ராத்திரிக்காவது காவியத் தலைவன் ஆக்குகிற கலை அது. எதிரில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாட வேண்டும், தப்பாக ஒரு வரி விழுந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்படிப் பழகிய குரல்களும் அந்தப் பாட்டைக் கேட்டே வளர்ந்த குரல்களும் அந்த மேடையில் இருந்தன. கற்பனைப் பாத்திரத்துக்காக அல்லாமல் எதிரே இருக்கிற ஆளுக்காகப் பாடுவதால்தான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த உங்களிடம் வந்து அது பேசியது. ராயபுரத்து இசைவாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் நின்று பாடினார், 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. எந்த ஹீரோயினுக்கும் பின்னணி பாடி வாங்கிய பெயர் இல்லை அது.

மரண கானாவை ‘இரைச்சல்’ என்று இதே பக்கத்துக்கு ஒரு வாசகர் முன்பு எழுதினார், நானும் பதில் எழுதினேன், அவர் இன்னும் எனக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். இந்த நகரத்தின் பாட்டுக்கு முதல் வீடு வடக்குப் பக்கம்தான். தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். வீணை தனம்மாள் வாழ்ந்தது ஜார்ஜ் டவுனில், அவர் வீட்டு வெள்ளிக்கிழமை வாசிப்பைக் கேட்க வித்வான்கள் தேடி வந்தார்கள். அப்புறம்தான் சபாக்கள் தெற்கே போயின. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிட்டார் வாசித்து நடனமாடிய காலமும் உண்டு. ஆகவே கிட்டார் இங்கே விருந்தாளி இல்லை, தம்பி, நீங்கள் ஆச்சரியப்படவே வேண்டாம். இன்னொன்று, சர் பிட்டி தியாகராயர் நம்ம கொருக்குப்பேட்டைக்காரர். அவர் பெயரில் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரி இருக்கிறது, ஆனால் அவர் பெயரிலான அரங்கம் தி. நகரில் இருக்கிறது. ஒரு குழு இங்கே முழு டிரம்ஸ் செட்டோடு வாசிக்க நினைத்தால் பள்ளி மைதானத்தையும் கல்யாண மண்டபத்தையும் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒலி எதிரொலிக்காத, வாடகை கட்டுப்படியாகிற ஒரு நல்ல அரங்கத்தை மாநகராட்சி கட்டித் தர வேண்டும். இதை நான் எழுதுவது முதல் தடவை இல்லை, கட்டும்வரை எழுதுவேன்.

வேறு யாரைக் கேட்கலாம் என்றீர்கள். டென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்து நடத்திய ‘குரங்கன்’ குழு முதலில். தமிழுக்கு வெளியே என்றால் 1990இல் டெல்லியில் தொடங்கிய ‘இண்டியன் ஓஷன்’. கொல்கத்தாவில் 1975இல் வங்காள நாடோடிப் பாடகர்களின் பாவுல் பாட்டையும் ராக்கையும் சேர்த்த ‘மொஹீனர் கோராகுலி’யையும் விடாதீர்கள். அவர்கள் வாசித்த காலத்தில் பெரிதாக யாரும் சீண்டவில்லை, தொண்ணூறுகளில்தான் அடுத்த தலைமுறை தேடிப்பிடித்துக் கேட்டது. நீங்கள் தாமதமாக வந்ததாக நினைக்க வேண்டாம்.

ஆனால் ஃபோனில் இலவசமாகக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டிசம்பரில் நீலம் நடத்துகிற ‘மார்கழியில் மக்களிசை’ அறிவிப்பைக் கவனியுங்கள், நேரில் போய் நில்லுங்கள். சின்னக் குழுக்கள் டிக்கெட் வைத்தால் பாஸ் கேட்காமல் காசு கொடுத்து வாங்குங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், உங்களைவிட அதிகமாகக் கானா கேட்டவர் அவராகத்தான் இருப்பார்.