பேஜர் அடிச்சா யாரு வருவா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகருக்கு, சின்ன ஊர்கள்ல சம்பளம் வாங்காம தீயணைக்கப் போற வாலண்டியர்களப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், நானும் பத்து வருஷம், தீன்னு கூப்பிட்டா சத்தம் போடற பேஜர இடுப்புல மாட்டிக்கிட்டு திரிஞ்சவன்னு வாய்தவறி சொல்லிட்டேன். அவ்ளோதான், பெட்டி நிறைய கடுதாசி. நெறைய பேர் பேர் போடாதீங்கன்னு எழுதியிருக்காங்க, அதனால யார் பேரும் போடல.

கேள்வி: சார், நான் ஒரு சின்ன ஊர் வாலண்டியர் ஃபயர் டிபார்ட்மெண்ட்ல அசிஸ்டண்ட் சீஃப். லிஸ்ட்ல 34 பேர் இருக்கோம். போன மாசம் செவ்வாக்கிழமை காலைல 11 மணிக்கு ஒரு வீட்டு கிச்சன்ல தீ, வந்தது 3 பேர். அதுல ஒருத்தருக்கு 68 வயசு, வண்டி மட்டும்தான் ஓட்டுவாரு. நாங்க உள்ள போகாம வெளிய நின்னு தண்ணி பாய்ச்சுனோம், பக்கத்து ஊர் வண்டி வந்துதான் அணைச்சாங்க, எங்களுக்கு மானம் போச்சு. உண்மையில எத்தனை ஆள் வேணும்? இன்னும் 20 பேர சேத்தா சரியாயிடுமா?

பதில்: முதல்ல அந்த 34அ மறந்துடுங்க தம்பி. அது குரூப் போட்டோவுக்கு ஆகும், தீக்கு ஆகாது. ஒரு வேலை பண்ணுங்க, கடைசி 12 மாச கால் ஷீட், அதாவது ஒவ்வொரு அவசர அழைப்புக்கும் (எங்க பாஷைல 'கால்') எழுதின பதிவு, எல்லாத்தையும் எடுத்து வச்சு, என்ன கிழமை, எத்தனை மணி, யாரு யாரு வந்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ரெண்டு சாயங்காலம் போகும், போகட்டும். நாங்க எழுதிப் பாத்தப்ப, லிஸ்ட்ல பாதிப் பேரு வருஷத்துக்கு ரெண்டு காலுக்கு மேல வரல, எட்டு ஒம்பது பேருதான் மொத்த டிபார்ட்மெண்டையும் தோள்ல தூக்கிட்டிருந்தாங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு பன்னெண்டு பேர் வர்ற ஸ்டேஷனுக்கு பகல்ல ரெண்டு பேர் வந்தாங்க. உங்க ஊர்லயும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அந்தக் காலத்துல வாலண்டியர் ஊருக்குள்ளயே வேலை பாத்தான், சைரன் கேட்டா கடைய அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான். இப்ப அவன் வேலை முக்கா மணி நேர தூரத்துல இருக்கு.

எத்தனை பேர் வேணும்னு கேட்டீங்க. அமெரிக்காவுல வாலண்டியர் டிபார்ட்மெண்டுக்குன்னு, தீ பாதுகாப்புக்கு அளவுகோல் எழுதற என்எஃப்பிஏங்கற சங்கம், 1720ன்னு ஒரு அளவுகோல் வச்சிருந்தாங்க. சதுர மைலுக்கு 500 பேருக்கும் கம்மியா இருக்குற கிராமப்பகுதின்னா 14 நிமிஷத்துக்குள்ள 6 பேரு, பத்துக்கு எட்டு தடவையாவது. கொஞ்சம் நெருக்கமான ஏரியான்னா 10 நிமிஷத்துல 10 பேரு. அது போக ஓஷாவோட (அமெரிக்காவுல வேலை எடத்து பாதுகாப்ப பாக்கற அரசு அமைப்பு) ஒரு விதி இருக்கு, ரெண்டு பேர் உள்ள போனா, அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இழுத்துட்டு வர ரெண்டு பேர் வெளிய ரெடியா நிக்கணும். உள்ள உயிர் மாட்டியிருக்குன்னு தெரிஞ்சாதான் விலக்கு. சட்டப்படி இது வாலண்டியர்கள கட்டுப்படுத்துமாங்கறது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், ஆனா புத்தியுள்ள சீஃப் யாரும் இத மீற மாட்டாங்க. ஆக குறைஞ்சபட்சம் 4, நிம்மதியா மூச்சு விட 6. நீங்க 3 பேர் வெளியவே நின்னு தண்ணி பாய்ச்சுனது சரியான முடிவு, அதுல மானம் போறதுக்கு ஒண்ணும் இல்ல.

இதுல நேரம்தான் எமன். பழைய மரச்சாமான் இருந்த ரூம் ஒரேயடியா குப்புனு பத்திக்க 25 நிமிஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கு ஃபோம் சோபா, பிளாஸ்டிக் சாமான் இருக்குற ரூமுக்கு 5 நிமிஷம் கூட வேண்டாம். யூஎல்ங்கற அமெரிக்க பாதுகாப்பு சோதனை நிறுவனத்துக்காரங்க ரெண்டு விதமான ரூமையும் கொளுத்திப் பாத்து காட்டியிருக்காங்க. அதனால பக்கத்து ஊர் வண்டிய நீங்க போய் பாத்துட்டு அப்புறம் கூப்பிடறது பழைய பழக்கம். பகல்ல கட்டடத் தீன்னு கால் வந்தா ரெண்டு ஸ்டேஷன் பேஜருக்கும் ஒரே நேரத்துல சத்தம் போகணும்னு, போன எடுத்து வண்டி அனுப்பற டிஸ்பாட்ச்கிட்ட எழுதிக் குடுத்துடுங்க. இதுக்குக் குறுக்க நிக்கறது பணம் இல்ல, ரோஷம். நம்ம ஊர் தீய நாமதான் அணைக்கணும்னு மீட்டிங்ல ஒருத்தர் எந்திரிச்சு மார்தட்டுவாரு பாருங்க, அவரு பகல் கால் எத்தனைக்கு வந்தாருன்னு அந்த நோட்ட எடுத்துக் காட்டுங்க.

அப்புறம் அந்த 20 பேரு. இருபது பேரும் வெளியூருக்கு வேலைக்குப் போறவங்கன்னா செவ்வாக்கிழமை 11 மணிக்கு அதே 3 பேர்தான் வருவாங்க. ஆள தேடாதீங்க, பகல் நேரத்த தேடுங்க. நைட் ஷிஃப்ட்காரங்க, ஸ்கூல் பஸ் டிரைவர், வீட்லருந்து வேலை பாக்கறவங்க, 12 மணி நேர ஷிஃப்ட் பாத்துட்டு வாரத்துல மூணு நாலு பகல் வீட்ல இருக்குற நர்ஸுங்க, நகராட்சி ஊழியர்கள், இவங்க கதவத்தான் தட்டணும். ஊருக்குள்ள இருக்குற முதலாளிங்ககிட்ட சீஃபும் மேயரும் சேந்து நேர்ல போகணும். ஜெர்மனில கால் வந்தா ஆள விட்டே ஆகணும்னு சட்டம், அந்த நேர சம்பளத்த தனியார் முதலாளி கேட்டா ஊராட்சி திருப்பிக் குடுக்கும். அந்த மாதிரி சட்டம் இல்லாத எடத்துல கெஞ்சித்தான் ஆகணும், ஆனா எல்லா காலுக்கும் விடுங்கன்னு கேக்காதீங்க, கட்டடத் தீக்கு மட்டும்னு கேளுங்க, ஒத்துப்பாங்க.

அதுவும் நடக்கலன்னா பகல் ஷிஃப்டுக்கு ரெண்டு பேர சம்பளத்துக்கு வைக்கற வழி. அமெரிக்காவுல ஃபெமாங்கற பேரிடர் மேலாண்மை அமைப்பு குடுக்கற சேஃபர் கிராண்ட்ங்கற நிதி உதவி ஆள் எடுக்கவும் உண்டு, வாலண்டியர சேக்கவும் தக்கவைக்கவும் உண்டு. ஆனா அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, கிராண்ட் முடிஞ்ச மறுமாசம் அந்த ரெண்டு பேருக்கு யார் சம்பளம் போடுவாங்கன்னு கவுன்சில்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க.

அந்த 68 வயசுக்காரர ஏதோ குறை மாதிரி எழுதியிருக்கீங்களே, எனக்கு வருத்தம். பகல் 11 மணிக்கு வண்டிய வெளிய எடுக்க ஒரு ஆள் இருக்காருன்னா அவருக்கு மாலை போடணும்.

கேள்வி: எங்க சீஃப் 22 வருஷத்துக்கு அப்புறம் விலகறாரு. எங்க டிபார்ட்மெண்ட்ல மெம்பருங்க ஓட்டுப் போட்டுதான் அடுத்த சீஃப். ஒருத்தர் தீக்குள்ள முதல் ஆளா போறவரு, பயமே கிடையாது, ஆனா கத்துவாரு, பேப்பர் வேலைன்னா ஓடிடுவாரு. இன்னொருத்தங்க ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க, 9 வருஷ சர்வீஸ், ட்ரெய்னிங் கேப்டன், நிதானமானவங்க. "பொம்பள எப்படி தீ முன்னாடி ஆள் மேய்ப்பா"ன்னு ஒரு கோஷ்டி. யாருக்கு ஓட்டுப் போடறது?

பதில்: சீஃப் வருஷம் பூரா என்ன பண்றாருன்னு உங்க ஆளுங்க யோசிச்சதே இல்ல போல. 2020ல அமெரிக்க டிபார்ட்மெண்டுங்க போன கால் 3 கோடியே 60 லட்சத்துக்கும் மேல, அதுல தீ 14 லட்சம் சுமார். நூத்துக்கு நாலுதான் தீ! மத்ததெல்லாம் நெஞ்சு வலி, ஆக்சிடெண்ட், பொய் அலாரம். சீஃப் வேலையில பெரும்பங்கு பட்ஜெட்ட தூக்கிட்டு கவுன்சில் முன்னாடி நிக்கறது, வருஷாவருஷம் பம்ப் டெஸ்ட், ஹோஸ் டெஸ்ட், ஏர் சிலிண்டருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் டெஸ்ட், 10 வருஷம் ஆன கோட்டையும் பேண்டையும் தூக்கிப் போட்டுட்டு புதுசுக்கு காசு தேடறது, இன்சூரன்ஸ், அப்புறம் ரெண்டு பேருக்கு நடுவுல நாலு வருஷமா ஓடற சண்டைய தீத்து வைக்கறது. இதுல எதுக்கு ஐயா பயமில்லாத ஆள் வேணும்?

சரி, தீ எடத்துக்கே வருவோம். அங்கயும் சீஃப் உள்ள போகக் கூடாது. வெளிய நின்னு முழு கட்டடத்தையும் பாக்கணும், யாரு எங்க இருக்கா, யார் டேங்க்ல எவ்ளோ காத்து மிச்சம்னு கணக்கு வச்சிருக்கணும். 1970ல கலிஃபோர்னியாவ கொளுத்தின காட்டுத்தீல ஆளுக்கொரு கட்டளைன்னு குழம்புனதுக்கு அப்புறம்தான் இன்சிடெண்ட் கமாண்ட்ங்கற, யாரு யாருக்குக் கட்டளை போடறதுன்னு வரையறுத்த முறையே உருவாச்சு. அதுல ஒரு ஆளு நேரா மேய்க்கறது 3லருந்து 7 பேரு, 5ன்னா நல்லது. உங்க வீரர் சீஃப் ஆயி, பழக்கதோஷத்துல ஹோஸ புடிச்சிக்கிட்டு உள்ள போயிட்டாருன்னு வைங்க, கூரை தொய்யுதுன்னு பாத்து எல்லாரையும் வெளிய வாங்கன்னு சொல்ல அங்க யாருமே இல்ல. நிதானமான குரல் ரேடியோல எவ்ளோ பெரிய சொத்துன்னு ஒரு தடவை புகைக்குள்ள முட்டி போட்டவனுக்குத்தான் தெரியும்.

என் ஓட்டு அந்த அம்மாவுக்கு. கோஷ்டிக்கு என்ன பதில்னா, ட்ரெய்னிங் கேப்டனா அவங்க சொல்லிக் குடுத்த பாடத்த வச்சுத்தான அவங்கல்லாம் தீக்குள்ள போறாங்க. ஆனா அந்த வீரரையும் விட்டுடாதீங்க, அவர உள்ள போற டீமுக்கு கேப்டனா போடுங்க, புதுசா வர்றவங்க மேல கத்தக் கூடாதுன்னு ஒரு கண்டிஷனோட. தோத்தவர மூலையில உக்கார வச்சா அவரு போறப்ப கூடவே அஞ்சு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவாரு, நான் பாத்திருக்கேன்.

தேர்தல் முறைய பத்தி ஒண்ணு. ஓட்டு தப்பில்ல, ஆஸ்திரியாவுலயும் மெம்பருங்க ஓட்டுப் போட்டுத்தான் கமாண்டர தேர்ந்தெடுக்கறாங்க. ஆனா இத்தனை வருஷ சர்வீஸ், ஆபீசர் கோர்ஸ் முடிச்சிருக்கணும்னு ஒரு தகுதிய பைலால, அதாவது டிபார்ட்மெண்ட் விதிகள்ல, எழுதிட்டு அப்புறம் ஓட்டுக்கு விடுங்க, இல்லன்னா யாரு நல்லா கலகலன்னு பேசறாரோ அவருதான் சீஃப். போற சீஃப்கிட்ட இருந்து எல்லாத்தையும் எழுதி வாங்குங்க, 22 வருஷமா டிபார்ட்மெண்டே அவர் மண்டைக்குள்ளதான் இருக்கும், எந்த ஹைட்ரண்ட் (வண்டிக்கு தண்ணி எடுக்கற தெருக்குழாய்) வேலை செய்யாது, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு என்ன, எந்த குடோன்ல கெமிக்கல் இருக்கு, எல்லாம். ஆறு மாசம் புது சீஃப் கூடவே நடக்கட்டும், அதுக்கப்புறம் ஸ்டேஷன் பக்கம் வந்தா விருந்தாளியா வரட்டும். பழைய சீஃப் பின்னாடி பெஞ்சுல உக்காந்து தலையாட்டிட்டிருந்தா புது சீஃப் பேச்ச எவனும் கேக்க மாட்டான்.

கேள்வி: அண்ணா, எனக்கு 22 வயசு. சேந்து ஆறு மாசம் ஆச்சு. வண்டி கழுவச் சொல்றாங்க, பழைய ஆளுங்க கிண்டல் பண்றாங்க, ட்ரெய்னிங் கிளாஸ் எப்பன்னு கேட்டா பாக்கலாம்ங்கறாங்க. விட்டுடலாமா?

பதில்: வண்டி கழுவறது கேவலம் இல்லடா தம்பி, எந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன சாமான் இருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்ற அளவுக்கு அதுலதான் தெரியும். ஆனா ஆறு மாசமும் அதுவே வேலைன்னா உன் ஆபீசர் தன் வேலைய பண்ணல. அடிப்படை ட்ரெய்னிங்கே பல எடத்துல 100 மணி நேரத்துக்கு மேல போகும், அத ஆரம்பிக்கவே ஆறு மாசம்னா எப்ப முடிக்கறது? சீஃப நேர்ல பாத்து மூணு கேளு: கிளாஸ் தேதி, எனக்குன்னு ஒரு சீனியர், நான் கத்துக்க வேண்டியதோட லிஸ்ட். ஒரு மாசத்துல பதில் வரலன்னா பக்கத்து ஊர் டிபார்ட்மெண்டுக்குப் போ, உன்ன கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. மேல எழுதியிருக்காரே ஆள் இல்லன்னு, அந்த அசிஸ்டண்ட் சீஃபும் இதப் படிக்கட்டும். போஸ்டர் ஒட்டி முன்வாசல்ல ஆள் சேத்து பின்வாசல்ல விடறது இப்படித்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஒரு கால் விடறதில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கும் போறாரு. பொண்ணு பிறந்தநாள்ல கேக் வெட்டற நேரத்துல ஓடிட்டாரு. கேட்டா "நான் போகலன்னா யாரு போவா"ங்கறாரு. 49 வயசு, டாக்டர்கிட்ட போயி அஞ்சு வருஷம் ஆச்சு.

பதில்: அம்மா, அவரு சொல்றது பொய்யில்ல, அதுதான் கொடுமை. அஞ்சாறு பேர வச்சே ஓட்டற ஸ்டேஷன்ல ஒவ்வொருத்தனுக்கும் இந்த நினைப்பு வந்துடும். இத வீட்டுக்குள்ள தீக்க முடியாது, சீஃப் தீக்கணும். டியூட்டி க்ரூன்னு ஒரு ஏற்பாடு இருக்கு, செவ்வாயும் சனியும் உங்க வீட்டுக்காரர் முறைன்னா மத்த நாள் சின்ன காலுக்கெல்லாம் அவரு பேஜர் வாயே திறக்கக் கூடாது, பெருந்தீன்னாதான் எல்லாருக்கும் அடிக்கும். நீங்களே சீஃப்கிட்ட பேசுங்க, சங்கடப்படாதீங்க, வீட்ல இருக்கறவங்க பேசினா நாங்க கேப்போம், எங்களுக்கு உங்கள பாத்தா கொஞ்சம் பயம்தான்.

ஆனா அதவிட அவசரம் அந்த அஞ்சு வருஷம். அமெரிக்காவுல டியூட்டில சாகற தீயணைப்பு ஆளுங்கள அதிகமா கொல்றது நெருப்பு இல்ல, ஹார்ட்டுதான். நல்ல தூக்கத்துல இருந்து பேஜர் சத்தத்துக்கு தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சு, அவ்ளோ எடைய உடம்புல மாட்டிக்கிட்டு சூட்டுக்குள்ள போறப்ப இதயத்துக்கு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. செக்கப் முடிச்சு பேப்பர் கைக்கு வர்ற வரைக்கும் முதுகுல மூச்சுக்காத்து சிலிண்டர் மாட்டக் கூடாதுன்னு சொல்லிடுங்க, சண்டை வந்தா வரட்டும்.

கேள்வி: எல்லாரையும் சம்பளத்துக்கு வச்சுட்டா இந்த தொல்லையே இல்லையே?

பதில்: வண்டில ஒரு சீட்ல 24 மணி நேரமும் ஒரு ஆள் இருக்கணும்னா லீவு, ஷிஃப்ட் எல்லாம் போக நாலு பேருக்கு மேல வேலைக்கு எடுக்கணும். நாலு சீட்டுக்கு கணக்குப் போட்டுட்டு ஊர் வரி ரசீத எடுத்துப் பாருங்க. அமெரிக்காவுல 2020லயும் நூத்துக்கு 65 பேரு வாலண்டியர்தான், ஆஸ்திரியாவுல முழுநேர சம்பள டிபார்ட்மெண்ட் இருக்குறது ஆறே ஊர்ல, சிலி நாட்டுல 1851ல வால்பரைசோ நகரத்துல ஆரம்பிச்சதுலருந்து இன்னிக்கு வரைக்கும் நாடே வாலண்டியர். ஆனா ஆள் குறையுது, அது நிஜம். அமெரிக்காவுல 1984ல 8,97,750 இருந்தது 2020ல 6,76,900. ஜப்பான்ல ஒரு காலத்துல 20 லட்சம் பக்கம் இருந்து இப்ப 8 லட்சத்துக்கும் கீழ. ஜெர்மனில ஆளே கிடைக்காத ஊர்ல நகராட்சி கடுதாசி போட்டு நீ வான்னு கட்டாயமா சேக்கலாம், சில்ட் தீவுல லிஸ்ட்ங்கற ஊர்ல அப்படித்தான் நடந்துச்சு.

கேள்வி: வயசு 54, ஒரு முட்டி போச்சு. எனக்கெல்லாம் எடம் உண்டா?

பதில்: பம்ப் ஓட்டலாம், தண்ணி டேங்கர் ஓட்டலாம், ரோட்ல டிராஃபிக் நிறுத்தலாம், சிலிண்டர் நிரப்பலாம், அந்த சீஃபம்மாவுக்கு கிராண்ட் அப்ளிகேஷன் எழுதிக் குடுக்கலாம். பகல்ல வீட்ல இருப்பீங்களான்னு மட்டும் எழுதல நீங்க. இருப்பீங்கன்னா அடுத்த ட்ரில் நைட்டுக்கே போயிடுங்க.