கேளுங்கோ, கதைப்பம்: முகம் தெரியாதவருக்கு எவ்வளவு சொல்லலாம்?

போன இதழில், பேஸ்புக்கில் வீட்டுக் கதை எழுதுவது பற்றி ஒரு வாசகி கேட்டதற்குப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் நிறைய. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அந்த ஒரு விசயத்துக்குத்தான். மருத்துவமாதாக வேலை செய்த காலத்தில் சைக்கிளில் வீடு வீடாகப் போனவள் நான். குழந்தையின் நிறை பார்க்கப் போன இடத்தில் தாயின் கண்ணீரைப் பார்க்காமல் திரும்பியது குறைவு. மனத்தில் உள்ளதை வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். எழுதியவர்களின் ஊர்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: பெண்கள் மட்டும் உள்ள ஒரு பேஸ்புக் குறூப்பில் பெயர் காட்டாமல் என் மாமியைப் பற்றி எழுதினேன். மாமாவின் ஆட்டைத் திவசத்தன்று பந்தியில் வைத்து, "பிலாக்காய்க் கறிக்கு உப்பைக் கொட்டி வைச்சிருக்கிறாள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னா. அதைத்தான் எழுதினேன். ஆறுதல் சொல்லி எத்தனையோ பேர் எழுதினார்கள். யாரோ ஸ்கிறீன்ஷொட் எடுத்து மச்சாளுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மாமி என்னோடு கதைப்பதில்லை. "வீட்டுக் கதையை ஏன் தெருவுக்குக் கொண்டு போனாய்" என்று கணவர் கேட்கிறார். என் மனப்பாரத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?
– பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: உரிமை இருக்கிறது, பிள்ளை. சபையில் வைத்து ஒருவரைக் குறைத்துச் சொன்னால் சுடும். விடியப்புறம் எழும்பித் தேங்காய் துருவி, பிலாக்காய் வெட்டி, அதன் பால் கையெல்லாம் ஒட்ட நின்று சமைத்தவளுக்கு இன்னும் சுடும். அதை யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதைச் சொன்னீர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கதைக்க இருக்கிறது.

பெயர் காட்டவில்லை என்கிறீர்கள். பேஸ்புக் குறூப்பில் பெயரை மறைத்துப் போட்டாலும் குறூப்பை நடத்துகிறவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவரை அடையாளம் காணப் பெயரே தேவையில்லை. ஆட்டைத் திவசம், பிலாக்காய்க் கறி, உப்பு, மருமகள்: இவ்வளவும் போதும். அன்று அந்தப் பந்தியில் இருந்து சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய பிள்ளைகள் பாரிஸிலும் லண்டனிலும் எத்தனை பேர் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். நீங்கள் முகம் தெரியாதவர்களுக்கு எழுதினீர்கள், வாசித்தவர்களில் உங்கள் முகம் தெரிந்தவர்களும் இருந்தார்கள். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பரந்து கிடந்தாலும் நாங்கள் ஒரு சின்னச் சனம். ஒருவருக்கொருவர் எப்படியோ ஒரு வழியில் சொந்தம்.

"சனத்துக்கு முன்னால் என்னைக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள், இரவு முழுக்க நித்திரை இல்லை, இதை எப்படி எடுத்துக்கொள்வது" என்று மட்டும் எழுதியிருந்தாலும் அதே ஆறுதல் வந்திருக்கும். திவசமும் கறியும் மாமியும் அதற்குள் வரத் தேவையில்லை. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுதியதை அனுப்ப முதல், அதில் வருகிற மற்ற ஆள் வாசித்தால் "இது நான்தான்" என்று கண்டுபிடிப்பாரா என்று பாருங்கள். கண்டுபிடிப்பார் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். நோவு உங்களுடையது, அதை எங்கும் கொண்டு போகலாம். மற்றவருடைய முகம் உங்களுடையது அல்ல.

வந்த பதில்களில் சிலவற்றையும் அனுப்பியிருந்தீர்கள். "தனிக்குடித்தனம் போங்கோ", "மாமிமார் எல்லாம் இப்பிடித்தான்", "அடுத்த முறை உப்பே போடாமல் காய்ச்சுங்கோ." எல்லாரும் உங்கள் பக்கம்தான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது நீங்கள் எழுதிய அந்த நாலு வரி மட்டும். எனக்கு அந்த நாளைப் பற்றித்தான் யோசனை ஓடுகிறது. மனுசன் போய் ஒரு வருசம் முடிந்த நாள் அது. அவருடைய வாய்க்கு எது பிடிக்கும், எவ்வளவு உப்பு என்று கைக்கணக்கில் வைத்திருந்த மனுசி, அன்றைக்கு மற்றவர் சமைக்கப் பார்த்துக்கொண்டு இருக்கிறா. அவவின் வாய் கறியைச் சொன்னது, மனத்துக்குள் என்ன கிடந்ததோ. இதனால் மாமி செய்தது சரி என்று ஆகிவிடாது. ஆனால் பக்கத்தில் இருக்கிற உங்களால்தான் இதைக் காண முடியும். முகம் தெரியாத ஒருவருக்கும் முடியாது.

சரி, இப்போது என்ன செய்வது? பதிவை எடுத்துவிடுங்கள். ஸ்கிறீன்ஷொட் எங்கெங்கே போனது என்று தேடி மனத்தைப் புண்ணாக்க வேண்டாம். முதலில் கணவரோடு கதையுங்கள். அன்று பந்தியில் அவரும் நின்றிருப்பார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் வெளியில் எழுதியே இருக்க மாட்டீர்கள் என்பதை அமைதியாக அவருக்குச் சொல்லுங்கள். பிறகு மாமியிடம், மச்சாள் இல்லாத நேரமாகப் பார்த்து: "மாமி, அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னது எனக்கு நொந்திட்டுது. அதை உங்களிட்டச் சொல்லாமல் வெளியில எழுதினது சரியில்லை." இரண்டு வசனமும் வேண்டும். முதலாவதை விட்டுவிட்டால் அடுத்த திவசத்துக்கும் அதே பேச்சுக் கேட்பீர்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் சண்டை புதிதாகத் தொடங்கும்.

கேள்வி: கொழும்பு பஸ்ஸில் பக்கத்து சீற்றுக்காரருக்கு வவுனியா வர முதலே வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிவிடுகிறோம். இணையத்தில் சொன்னால் மட்டும் ஏன் குற்றம்?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: குற்றம் இல்லை. அந்நியரிடம் மனம் திறப்பது மனித இயல்பு. ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908 இலேயே இதை எழுதியிருக்கிறார்: நெருங்கியவர்களுக்கு மறைப்பதை அந்நியரிடம் மனிதர் சொல்லிவிடுகிறார்கள் என்று. வெள்ளவத்தையில் அவர் இறங்கிப் போய்விடுவார், நீங்கள் சொன்னதும் அவரோடு போய்விடும். இணையத்தில் எழுதியது இறங்கிப் போகாது. அந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

கேள்வி: கவலையை எழுதிக் கிழித்துப் போட்டால் பயன் உண்டா? இல்லை, நாலு பேர் வாசித்து ஆறுதல் சொன்னால்தானா?
– பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பதில்: நல்ல கேள்வி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் பார்த்தது. பல்கலைக்கழக மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார்கள். சிலர் சாதாரண விசயங்களை எழுதினார்கள். சிலர் தங்களை வாட்டிய சம்பவத்தையும் அதைப் பற்றி உணர்ந்ததையும் சேர்த்து எழுதினார்கள். இவர்களுக்கு எழுதி முடித்த உடனே கவலை கூடத்தான் செய்தது. ஆனால் பிறகு வந்த மாதங்களில் மற்றவர்களைவிட இவர்கள் வருத்தம் என்று வைத்தியரிடம் போனது குறைந்தது. எழுதியதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. பயன் எழுத்திலேயே இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப நண்பர்களோடு கதைத்துக்கொண்டே இருக்கிற பிள்ளைகளைப் பற்றி அமண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002 இல் எழுதினார். அப்படிக் கதைப்பவர்களுக்கு நட்பு இறுக்கமாக இருந்தது, மனச்சோர்வும் கூடுதலாக இருந்தது. ஆகவே முதலில் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த நாள் வாசித்துப் பார்த்த பிறகும் ஒருவரிடம் கேட்க ஏதாவது மிஞ்சியிருந்தால் அதை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: உயர்தரம் எடுக்கிற மகன் இரவில் முகம் தெரியாத ஆட்களோடு ஒரு குறூப்பில் கதைக்கிறான். "வீட்டில எனக்குக் கதைக்க ஆளில்லை" என்று எழுதியிருந்ததைத் தற்செயலாகக் கண்டேன். நெஞ்சு வெடித்துவிட்டது. போனைப் பறிக்கவா?
– ஒரு தாய், பருத்தித்துறை

பதில்: பறிக்க வேண்டாம் அம்மா. அந்தப் பிள்ளை கதவைத் திறக்கிற ஒரே இடம் அதுவாக இருக்கலாம். அதையும் அடைத்துவிட்டால் எங்கே போவான்?

உங்கள் கடிதத்திலேயே அவனுடைய ஒரு நாளை எழுதியிருக்கிறீர்கள். விடிய ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவில் படிப்பு. இதற்குள் நீங்கள் அவனோடு கதைத்தது என்ன? "சாப்பிட்டியா", "எத்தனை மாக்ஸ்", "பக்கத்து வீட்டுப் பெடியன் மெடிசினாம்." அவன் பொய் எழுதவில்லை. நீங்கள் அன்பு இல்லாத தாய் என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. வீட்டில் கதை சோதனையைச் சுற்றியே நின்றுவிட்டது.

நேருக்கு நேர் இருத்திக் கேட்காதீர்கள், பிள்ளைகளுக்கு அது விசாரணை. நீங்கள் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் கூப்பிட்டு அவன் கையிலும் நாலு வெங்காயத்தைக் கொடுங்கள். "நீ எழுதினது கண்ணில பட்டிட்டுது. நான் கோவிக்கேல்லை. எனக்குச் சொல்லுறதெண்டால் நான் கேட்பன், இடையில மறிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி மறிக்காமல் கேளுங்கள். அன்றைக்கே அவன் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்றில் மட்டும் தாமதிக்க வேண்டாம். "இருந்து என்ன பிரயோசனம்", "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது" என்ற மாதிரி எழுத்திலோ பேச்சிலோ வந்தால் நேரடியாகவே கேளுங்கள்: "சாக வேணும் எண்டு யோசிக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்டால் பிள்ளைக்குப் பெரும்பாலும் மூச்சு வரும். அவனைத் தனியே விட வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதை ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கிற நேரம் அல்ல அது.

கேள்வி: குறூப்பில் ஒரு பெண் கணவர் அடிப்பதாக எழுதியிருந்தார். கீழே பாதிப்பேர் "பொறுத்துப் போங்கோ" என்றும் பாதிப்பேர் "விட்டிட்டு வாங்கோ" என்றும் எழுதினார்கள். எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
– மானிப்பாய் வாசகி

பதில்: இரண்டும் எழுத வேண்டாம், தங்கச்சி. பொறுத்துப் போகச் சொல்பவர் அந்த அடியை வாங்கப் போவதில்லை. உடனே விட்டுவிட்டு வரச் சொல்பவர் அன்றிரவு அவளுக்குப் படுக்க இடம் கொடுக்கப் போவதில்லை. "நீங்கள் எழுதியதை நம்புகிறேன்" என்று முதலில் எழுதுங்கள். பிறகு அவளுக்குக் கையில் பிடிக்க ஏதாவது கொடுங்கள்: 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் கேட்காதீர்கள். அந்தப் பதிலைக் கணவரும் வாசிக்கக் கூடும்.

கேள்வி: மனைவி காலமாகிவிட்டா, பிள்ளைகள் ரொறன்ரோவில். விடிய நாலரைக்கு நித்திரை முறிந்துவிடும். தேத்தண்ணியோடு இருந்து பேஸ்புக்கில் எழுதுவேன். முழங்கால் நோவு, கிணற்றுத் தண்ணி உவர்ப்பு, முருங்கையில் மயிர்க்கொட்டி, இப்படித்தான். முன்பின் தெரியாத ஆட்கள் பதில் எழுதுவார்கள். "அப்பா, எங்களை வெட்கப்படுத்துறியள், நாங்கள் பார்க்கிறதில்லை எண்டு சனம் நினைக்கும்" என்கிறா மகள். நிறுத்தவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அளவெட்டி

பதில்: நிறுத்த வேண்டாம் ஐயா. நீங்கள் அனுப்பிய பதிவுகளை எல்லாம் வாசித்தேன். முருங்கை மயிர்க்கொட்டிக்குப் பந்தம் பிடிக்கச் சொல்லி மட்டக்களப்பில் இருந்து ஒருவர், பந்தத்தால் மரம் கருகும், சவுக்காரத் தண்ணி அடியுங்கள் என்று இன்னொருவர். அடுத்த நாள் "ஐயா, மயிர்க்கொட்டி போச்சா?" என்று அவர்களே திரும்பி வந்து கேட்டிருக்கிறார்கள். எங்கள் அம்மம்மா காலத்தில் கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதால் பக்கத்து வீட்டுக்காரி தலையை நீட்டி "என்ன, இண்டைக்குக் கால் எப்படி?" என்று கேட்பா. இப்போது எல்லா வீட்டுக்கும் மதில். புறுபுறுப்பதற்கும் கேட்பதற்கும் ஒரு ஆள் மனிதருக்கு வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உங்கள் பதிவுகளில் பிள்ளைகளைப் பற்றி ஒரு குறைச் சொல் கூட நான் காணவில்லை.

ஒரே ஒரு விசயம். ஒரு பதிவில் ஓய்வூதியம் எடுத்து வந்ததையும், வெளி லைற் எரியாமல் கிடப்பதையும், வீட்டில் தனியே இருப்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நோவைப் பற்றி எழுதுங்கள், காசையும் கதவையும் பற்றி எழுத வேண்டாம். முழங்காலுக்குப் பேஸ்புக்கில் சொல்கிற எண்ணெய் எல்லாம் பூசாமல் கிளினிக்குக்கு ஒருக்கால் போய்க் காட்டுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புங்கள். அவவுக்கு நான் சொல்வது: பிள்ளை, அளவெட்டியில் விடிய நாலரை என்றால் உங்களுக்குக் கோடையில் முதல் நாள் இரவு ஏழு மணி, குளிர்காலத்தில் ஆறு. வேலையால் வந்து சமைக்கிற நேரமாக இருக்கும். போனை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அப்பாவைக் கூப்பிட்டு, முருங்கை எப்படி என்று கேளுங்கள்.