போர் எந்த நாளில் தொடங்குகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாம் வென்றதாகப் பள்ளியில் படித்த 1965 போரை, பாகிஸ்தானில் ஆண்டுதோறும் செப்டம்பர் 6 அன்று தங்கள் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள் என்று அண்மையில் வாசித்தேன். இரண்டில் ஒரு நாடு தன் மக்களிடம் பொய் சொல்கிறது என்பதுதானே இதன் பொருள்? பகை கொண்ட அண்டை நாடுகள் ஒரு போரைச் சேர்ந்து நினைவுகூர்வது நடக்கக்கூடியதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடுவதைவிட, ஒவ்வொரு நாடும் கதையை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

1965 ஆகஸ்ட் தொடக்கத்தில் பாகிஸ்தான் ‘ஆபரேஷன் ஜிப்ரால்டர்’ என்ற பெயரில் ஆயுதம் தாங்கியவர்களைக் காஷ்மீருக்குள் ஊடுருவச் செய்தது. அம்மாதக் கடைசியில் இந்தியா, காஷ்மீரில் பாகிஸ்தான் வசமிருந்த ஹாஜி பீர் கணவாயைக் கைப்பற்றியது. செப்டம்பர் 1 அன்று பாகிஸ்தானின் டாங்கிகள் ஜம்முவின் சம்ப் பகுதிக்குள் நுழைந்தன. அந்த நெருக்கடியைத் தணிக்கவே செப்டம்பர் 6 அன்று இந்தியப் படை சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூரை நோக்கிச் சென்றது. பாகிஸ்தானின் பாதுகாப்பு தினம் இந்தக் கடைசி நாளைத்தான் தொடக்கமாகக் கொள்கிறது. லாகூரைக் காத்து நின்று உயிர்விட்ட மேஜர் அஜீஸ் பட்டியின் வீரம் ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் அதற்கு முந்தைய ஒரு மாதம் விடுபடும்போது, தம் அரசு எடுத்த முடிவைக் குறித்துக் கேட்கவேண்டிய கேள்வி அங்குள்ள மாணவருக்கு எழாமலே போகிறது.

நாமும் இதற்கு விலக்கல்ல. பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை அழித்து மடிந்த இந்திய வீரர் அப்துல் ஹமீதை நினைவில் வைத்திருக்கும் நாம், அதே போரில் பாகிஸ்தான் மண்ணில் நம் படையின் முன்னேற்றம் தடுத்து நிறுத்தப்பட்ட சாவிண்டாவைப் பற்றிப் பேசுவதில்லை. 1966 ஜனவரி 10 அன்று கையெழுத்தான தாஷ்கண்ட் உடன்படிக்கையின்படி இரு படைகளும் ஆகஸ்ட் 5-க்கு முன்பிருந்த இடங்களுக்குத் திரும்பின. அவ்வளவு விலை கொடுத்துப் பிடித்த ஹாஜி பீரும் திருப்பியளிக்கப்பட்டது.

நட்பு நாடுகளுக்கிடையேகூட இந்தச் சிக்கல் உண்டு. டிசம்பர் 16 இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் ஒருசேர வெற்றி நாள். நமக்கு அது 1971 டிசம்பர் 3-இல் தொடங்கிப் பதின்மூன்று நாட்களில் முடிந்த போர். அவர்களுக்கோ மார்ச் 25 இரவு பாகிஸ்தான் படை நடத்திய படுகொலைகளில் தொடங்கி ஒன்பது மாதங்கள் நீண்ட விடுதலைப் போர்; வெற்றி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, டிசம்பர் 14 அன்று, கொல்லப்பட்ட தங்கள் ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் இதழாளர்களையும் நினைத்து அவர்கள் துக்கம் காக்கிறார்கள். இதை இந்திய–பாகிஸ்தான் போர் என்று மட்டும் நாம் குறிப்பிடும்போது அவர்கள் மனம் புண்படுவது நியாயமே.

சேர்ந்து நினைவுகூர்வதற்குப் பலரும் காட்டும் சான்று, முதல் உலகப் போரில் பிரான்சும் ஜெர்மனியும் மோதிய வெர்டன். 1984-இல் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் ஜெர்மனியின் ஹெல்முட் கோலும் அங்கே கைகோத்து நின்றார்கள். என்னை அதைவிட ஆழமாகத் தொட்டது, வட பிரான்சில் நோத்ர தாம் தெ லொரெத்தில் 2014-இல் திறக்கப்பட்ட நினைவு வளையம். அதே போரில் அப்பகுதியில் மாண்ட ஏறத்தாழ 5,80,000 வீரர்களின் பெயர்கள், நாடும் பதவியும் குறிக்கப்படாமல், அகர வரிசையில் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் இரு நாடுகளின் எல்லையிலுள்ள அல்சாஸ் யாருடையது என்ற வழக்கு தீர்ந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்பே இவை நிகழ்ந்தன. காஷ்மீர் வழக்கு தீராத நிலையில் அத்தகைய வளையம் இங்கே எழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் எதிரியின் வீரத்துக்குச் சாட்சி சொல்வது இங்கும் நடந்திருக்கிறது. 1999-இல் கார்கிலில் போரிடுவோர் தன் படையினர் அல்லர் என்று கூறிய பாகிஸ்தான், இறந்தோரில் பலரின் உடல்களைப் பெற்றுக்கொள்ள மறுத்தது. அவர்களை இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தவர்கள் இந்திய வீரர்கள். டைகர் ஹில்லில் வீழ்ந்த பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கானின் (‘கர்னல்’ அவர் பெயரின் பகுதி, பதவியல்ல) துணிவை எழுத்தில் பதிந்து அனுப்பியவர் அவரை எதிர்த்துப் போரிட்ட இந்தியத் தளபதி. பின்னர் பாகிஸ்தான் ஷேர் கானுக்குத் தன் மிக உயரிய இராணுவ விருதான நிஷான்-எ-ஹைதரை வழங்கியது.

ஆகவே நான் கேட்பது சிறியது. அவர்களுடைய பாடநூலில் 1965 ஆகஸ்டும், நம்முடைய பாடநூலில் சாவிண்டாவும் இடம்பெற வேண்டும். இதற்கு மற்ற நாட்டின் சம்மதமோ எல்லைப் பேச்சுவார்த்தையோ தேவையில்லை.