அண்ணாந்து எடுக்கும் படம்

கேள்வி: காட்டுக்குள் மரத்தடியில் நின்று அண்ணாந்து படம் எடுத்தால், கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்த இலையெல்லாம் கரியாகிவிடுகிறது. இலை தெரியும்படி எடுத்தால் வானம் வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. என் கேமராவில் கோளாறா?

கேமராவில் கோளாறு இல்லை. அதன் ஒளிமானி எதைக் காட்டினாலும் மொத்தமாகச் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தில் பாதி வானம் என்றால், அந்த வெளிச்சத்தை அடக்குவதற்காக இலையையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். நம் கண் இலையைப் பார்க்கும்போது இலைக்கும், வானத்தைப் பார்க்கும்போது வானத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமரா ஒரு படத்துக்கு ஒரே ஓர் அளவைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +1 வைத்து ஆரம்பியுங்கள். அடர்ந்த காடு என்றால் +2 வரைகூடப் போகலாம். ஆனால் அதைவிட முக்கியம், எந்த நேரத்தில், எந்தத் திசையில் படுக்கிறீர்கள் என்பது. ஆமாம், படுக்கத்தான் வேண்டும்! நின்றபடி கழுத்தை வளைத்து எடுத்தால் ஐந்து நிமிடத்தில் அவசரம் வந்துவிடும். அவசரத்தில் எடுத்த உச்சிப் படம் எதுவும் எனக்குச் சரியாக அமைந்ததில்லை.

சூரியன் எழுந்து சிறிது நேரத்தில், கீழே நாம் இன்னும் நிழலில் இருக்கும்போதே உச்சி இலைகளுக்கு வெயில் வந்துவிடும். அந்த வெயில் இலையை ஊடுருவி நம் பக்கம் வருகிறது. இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு பச்சையைக் கீழே விடுவதால், இலை விளக்கு மாதிரி எரியும். அப்போது சூரியன் இல்லாத பக்கத்து நீல வானத்துக்கும் அந்த இலைக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டும் ஒரே படத்தில் அடங்கிவிடும். பத்து, பதினோரு மணிக்கு மேல் இந்த ஒற்றுமை கலைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கேமராவின் திரையை நம்பாதீர்கள். காட்டின் இருட்டில் எந்தப் படமும் திரையில் பளிச்சென்றுதான் தெரியும். அப்படி நம்பி ஒரு காலை முழுவதும் எடுத்த படங்களை வீட்டில் திறந்து பார்த்தபோது எல்லாமே இருண்டு கிடந்தன. அந்தக் காலை வெளிச்சம் மறுபடி எனக்குக் கிடைக்கவில்லை. இன்றும் அது வருத்தம்தான். அன்றிலிருந்து ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்கிறேன். படத்தின் இருட்டை இடது பக்கமும் வெளிச்சத்தை வலது பக்கமும் காட்டும் வரைபடம் அது. அது வலது ஓரத்தை நெருங்கலாம், ஆனால் அதில் முட்டி நிற்கக் கூடாது. கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலாக எடுத்தால் நிழலில் மறைந்ததைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வெளுத்துப்போன வானத்தில் மீட்க ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: மேகமூட்டமான நாள்தான் காட்டுப் படத்துக்கு நல்லது என்கிறார்களே?

நேராகப் பார்த்து எடுக்கும்போது நல்லது. பாசி, வேர், அடிமரம் எல்லாம் அருமையாக வரும். அண்ணாந்து எடுக்கும்போது அதுவே எதிரி. மேகம் முழுவதும் ஒரே வெள்ளையாக ஒளிர, அதற்கு முன்னால் இலை கறுத்து நிற்கும்.

இதையே விரும்பித் தேடுகிறவர்களும் உண்டு. காட்டின் கூரை எவ்வளவு அடர்த்தி என்று அளக்கும் ஆய்வாளர்கள், வானம் முழுவதையும் வட்டமாக அடக்கும் மீன்விழி லென்ஸை நேர் மேலே திருப்பி, சீரான மேகமூட்டத்தில், இல்லாவிட்டால் விடியலிலோ அந்தியிலோ படம் எடுக்கிறார்கள். இலை கறுப்பு, வானம் வெள்ளை என்று பிரிந்தால்தான் இடைவெளியைக் கணினி சரியாக எண்ணும். உங்களைக் கவலைப்படுத்துகிற படம்தான் அவர்களுக்கு வேண்டிய படம்.

மேகமூட்ட நாளில் வேறு வழி இல்லை என்றால், நீங்களும் அந்தக் கறுப்பை ஏற்றுக்கொண்டு கறுப்பு வெள்ளையில் எடுங்கள். சில வகை மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் ஓடை மாதிரி இடைவெளி விட்டு நிற்கும். அதற்கு இந்த முறை மிகப் பொருத்தம். பனிமூட்டம் வேறு கதை. அது வானத்தையும் இலையையும் சேர்த்து மென்மையாக்கிவிடும். கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா?

வாங்கலாம், நேரம் பார்த்துப் பயன்படுத்துவதாக இருந்தால். லென்ஸின் முன் மாட்டும் இந்தக் கண்ணாடி வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். காலையிலும் மாலையிலும் சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது, அந்த 90 டிகிரி சரியாக நம் தலைக்கு மேல் வருகிறது. மரத்தடியில் படுத்திருப்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் தலைக்கு மேல் அதனால் வானம் கறுக்காது. இலையின் மினுமினுப்பைக் குறைக்க வேண்டுமானால் உதவும். மிக அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் அடர்நீலமாகத் திட்டு விழும், அதைக் கவனியுங்கள்.

கேள்வி: இலை ஓரங்களில் ஊதா நிறக் கோடு வருகிறது. இலைகளும் கலங்கலாக இருக்கின்றன.

ஊதாக் கோடு லென்ஸின் குணம். லென்ஸின் திறப்பான அபர்ச்சரை எஃப் 8 அளவுக்குக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். மிச்சத்தைக் கணினியில் நீக்கிவிடலாம்.

கலங்கலுக்குக் காரணம் காற்று. கீழே அசைவே இல்லாதபோதும் உச்சியில் கிளை ஆடிக்கொண்டிருக்கும். ட்ரைபாட் வைத்திருந்தாலும் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம், அதற்காக ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றுங்கள். மூன்று படங்களை வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்து ஒட்டுகிற முறையும் இதனால்தான் இங்கே பலருக்குக் கைகொடுப்பதில்லை. ஒவ்வொரு படத்திலும் இலை வேறு இடத்தில் இருக்கும்.

கேள்வி: என்னிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது.

போதும். வெயில் பட்ட இலைக்கொத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரலை மேலும் கீழும் நகர்த்தி, வானத்தில் நீலம் தெரிகிற வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். சூரியனை ஓர் அடிமரத்துக்குப் பின்னால் ஒளித்துவையுங்கள். படுப்பதற்கு முன் போன் லென்ஸைத் துடைத்துவிடுங்கள். வானத்தைப் பார்த்த லென்ஸில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் படம் முழுக்க மங்கல் பரவிவிடும்.